துணியில் ஸ்கிரீன் பிரிண்டிங்: என்ன குறை தெரிகிறது, எங்கே பார்ப்பது

வீட்டில் பிரேம் வைத்துத் துணியில் அடிப்பவர்களுக்கான குறிப்பு இது. முகூர்த்தத்துக்கு ஐம்பது தாம்பூலப் பை, பொங்கலுக்கு முன் ஊர்ப் பையன்களுக்கு இருபது ஜல்லிக்கட்டு டி-ஷர்ட், துப்பட்டாவுக்கு ஒரு கரை என்ற அளவு வேலைக்குப் போதும். 43 டி அல்லது 77 டி பாலியஸ்டர் மெஷ் (வலைத்துணி), மரப் பிரேம், பைக்ரோமேட் அல்லது டயசோ கலந்த எமல்ஷன் (மெஷ்ஷில் பூசுவது, வெளிச்சம் பட்டால் இறுகும்), தண்ணீரில் கரையும் பிக்மென்ட் பேஸ்ட் ஆகியவற்றை வைத்தே இங்கே அளவுகள் சொல்லப்படுகின்றன. 43 டி என்றால் ஒரு சென்டிமீட்டருக்கு 43 இழை. கடையில் சிலர் இதையே 110 மெஷ் என்பார்கள். அது அங்குலக் கணக்கு.

குறை தெரிந்ததும் பலரும் முதலில் மாற்றுவது கலர் டப்பாவை. கலரில் கோளாறு இருப்பது அபூர்வம். துணியிலோ சூட்டிலோ பிரேமிலோ நடந்த தப்புதான் கலர் வழியாக வெளியே தெரிகிறது. கீழே ஒவ்வொரு குறைக்கும் செலவில்லாத காரணம் முதலிலும் காசு போகும் காரணம் கடைசியிலும் இருக்கும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பாருங்கள். மூன்றைச் சேர்த்து மாற்றினால், எதனால் சரியானது என்று அடுத்த முறை தெரியாது.

பிரேம் போடும்போதே, அதாவது எமல்ஷன் பூசி டிசைனை மெஷ்ஷில் ஏற்றும்போதே சிக்கல் என்றால் நேராகப் பின்பாதிக்குப் போய்விடலாம்.

## துவைத்தால் கலர் போகிறது

போகிறது என்பது போதாது. எப்படிப் போகிறது என்று பாருங்கள்.

### தண்ணீரில் நனைத்ததும் வழவழவென்று கரைந்து ஓடினால்

துணிக்குச் சூடு போகவே இல்லை. மொட்டை மாடியில் கத்திரி வெயிலில் நாள் முழுக்கக் காய்ந்தது என்பது கணக்கில் வராது. வெயில் பேஸ்ட்டில் இருக்கும் தண்ணீரைத்தான் எடுக்கும். பேஸ்ட்டில் கலரைத் துணியோடு ஒட்டவைக்கும் பைண்டர் இழையைப் பிடித்துக்கொள்ள ஏறக்குறைய 150 டிகிரி சூட்டில் 3 முதல் 5 நிமிடம் வேண்டும். எந்த மாடியிலும் அந்தச் சூடு வராது.

இஸ்திரிப் பெட்டியில் செய்யலாம். அடித்த துணியை ஓர் இரவு காற்றாட விடுங்கள். ஈரம் மிச்சம் இருந்தால் பெட்டியின் சூடெல்லாம் அதை ஆவியாக்குவதிலேயே போய்விடும். பெட்டியைக் காட்டன் குறியில் வைத்து ஸ்டீமை நிறுத்துங்கள். டிசைன் மேல் பட்டர் பேப்பர் அல்லது பழைய வேட்டித் துண்டு. பெட்டியின் அடித்தட்டு அளவு இடத்துக்கு 3, 4 நிமிடம், ஒரே இடத்தில் ஊன்றாமல் மெதுவாக நகர்த்துங்கள். பிறகு துணியைத் திருப்பிப் போட்டு உள்பக்கம் 2 நிமிடம். ஏ4 அளவு டிசைனுக்கு இப்படிச் செய்தால் கால் மணி நேரம் ஆகும். இரண்டே நிமிடத்தில் முடித்திருந்தால் துணியின் சுருக்கம் போயிருக்கும், கலர் நின்றிருக்காது.

அடியில் என்ன இருக்கிறது என்றும் பாருங்கள். கிரானைட் மேடையும் இரும்பு மேசையும் சூட்டைக் குடித்துவிடும். நாலாக மடித்த கம்பளி அல்லது கெட்டியான போர்வை போட்டால் சூடு துணியிலேயே நிற்கும்.

ஐம்பது, நூறு பை என்றால் தெருமுனை இஸ்திரிக்காரரிடம் கொடுக்கலாமா என்று கேட்பார்கள். கரிப் பெட்டியின் எடையும் சூடும் இதற்கு நல்லதுதான். ஆனால் சூடு எவ்வளவு என்று அளக்க வழியில்லை. ஒரே ஒரு பையைக் கொடுத்துச் செய்து வாங்கி, மறுநாள் சோப்புத் தண்ணீரில் அரை மணி நேரம் ஊறவைத்துப் பார்த்த பிறகு மீதியைக் கொடுங்கள்.

சூடு கொடுக்கவே வாய்ப்பில்லாத துணிக்கு பிக்சர் என்று விற்கும் திரவத்தைச் சேர்க்கலாம். பேஸ்ட்டின் எடையில் 1 முதல் 2 சதவீதம், அதாவது 100 கிராமுக்கு ஒன்றிரண்டு கிராம். சூடு இல்லாமலே பிடிக்கும் வகைதானா என்று டப்பாவில் பார்த்து வாங்குங்கள். எல்லா பிக்சரும் அந்த வகை அல்ல. அடித்தபின் மூன்று நாளாவது துவைக்கக் கூடாது. பிக்சர் கலந்த பேஸ்ட்டை அன்றே தீர்த்துவிடுங்கள். மறுநாளைக்கு மூடி வைத்தால் டப்பாவிலேயே திரிந்து கட்டியாகும்.

### கரையவில்லை, ஆனால் தேய்த்தால் ஒட்டுகிறது

வெள்ளைத் துணியை ஈரமாக்கி டிசைன் மேல் பத்து முறை தேயுங்கள். கலர் ஏறினால் முதலில் இன்னொரு முறை சூடு கொடுத்துப் பாருங்கள். அப்போதும் ஏறினால் பிக்மென்ட் அதிகம். 100 கிராம் பேஸ்ட்டுக்கு 3 முதல் 5 கிராம் பிக்மென்ட் போதும். கறுப்புக்கும் கருநீலத்துக்கும் 8 வரை போகலாம். இன்னும் எடுப்பாகத் தெரியட்டும் என்று கண் அளவில் ஊற்றினால், மிஞ்சிய பிக்மென்ட்டைப் பிடித்துவைக்க பைண்டர் இருக்காது. சமையலறைத் தராசு இந்த அளவுக்குச் சரியாகக் காட்டாது. 0.1 கிராம் காட்டும் சின்னத் தராசு ஒன்று வாங்கினால் இந்தக் குறையோடு நிறம் மாறும் குறையும் தீரும். அடித்து முடித்த துணிக்குப் பரிகாரம் இல்லை. தனியாகத் துவைக்கச் சொல்லிக் கொடுப்பதுதான் நேர்மை.

### தோல் மாதிரி உரிந்தால், வெடித்தால்

ரப்பர் பேஸ்ட் அல்லது பிளாஸ்டிசால் (தண்ணீர் இல்லாத பிளாஸ்டிக் இங்க்) அடித்தவர்களுக்கு வருவது. பிளாஸ்டிசால் தானாக ஒருநாளும் காயாது. மேலிருந்து அடிவரை 160 டிகிரி சூடு ஏற வேண்டும். இஸ்திரிப் பெட்டியில் மேல்தோல் வெந்து அடிப்பகுதி பச்சையாக இருக்கும். டிசைனை இரு விரலால் லேசாக இழுங்கள். கோடு கோடாக வெடித்தால் வேகவில்லை. வீட்டில் இதோடு மல்லுக்கட்ட வேண்டாம். டி-ஷர்ட், காபிக் கப் அச்சடித்துத் தரும் கடைகளில் ஹீட் பிரஸ் இருக்கும், அங்கே கொடுத்துவிடலாம். தண்ணீர் பேஸ்ட் அடித்த துணியையும் அங்கே கொடுக்கலாம். ஒரே அழுத்தாக அழுத்தாமல், இடையில் தூக்கி ஆவியை விட்டு மறுபடி அழுத்தச் சொல்லுங்கள்.

### ஒரு பையில் நிற்கிறது, அடுத்ததில் நிற்கவில்லை

துணியைப் பாருங்கள். அடிக்காத இடத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். உடனே இழுத்துக்கொண்டால் நல்லது. முத்தாக ஐந்து விநாடிக்கு மேல் நின்றால் தறியில் போட்ட கஞ்சியோ மெழுகோ இன்னும் இருக்கிறது. சலவை செய்யாத காடாத் துணியில் இது எப்போதும் உண்டு. ஒரு லிட்டர் கொதிநீருக்கு 5 கிராம் சலவைச் சோடா, கொஞ்சம் டிடர்ஜென்ட் என்று கலந்து அரை மணி நேரம் ஊறவைத்து, அலசி, காயவைத்து, இஸ்திரி போட்ட பிறகு அடியுங்கள். தைத்த பையைவிடத் துணியாக இருக்கும்போதே செய்வது நல்லது, சுருங்குவதும் அதிலேயே முடிந்துவிடும். வாசனைக்கும் மென்மைக்கும் ஊற்றும் கம்ஃபர்ட் வகைத் திரவத்தை அடிப்பதற்கு முன் பயன்படுத்தவே கூடாது.

இன்னொன்று, பை துணிதானா? 2021 டிசம்பரில் ‘மீண்டும் மஞ்சப்பை’ திட்டம் வந்தது துணிப் பைக்காக. ஆனால் மஞ்சளாக இருப்பதெல்லாம் துணி இல்லை. ஓரத்தில் ஓர் இழையை உருவிப் பாருங்கள். இழையே வராமல் பஞ்சுத் தாள் போலக் கிழிந்தால் அது நான்-ஓவன், அதாவது பிளாஸ்டிக். சிறு துண்டைக் கொளுத்தினால் உருகி மணியாகும். பிக்மென்ட் பேஸ்ட் அதில் பிடிக்காது, இஸ்திரிப் பெட்டி பட்டால் சுருண்டுவிடும். அதற்கென்று கரைப்பான் கலந்த இங்க் இருக்கிறது. நெடியும் தீ ஆபத்தும் உள்ளது. அடுப்பு எரியும் வீட்டுக்குள் அதைத் திறக்காதீர்கள். நான்-ஓவன் ஆர்டரை அச்சகத்துக்குத் தள்ளிவிடுவதே சரி.

## ஓரம் பரவுகிறது, எழுத்தின் சுழி அடைகிறது

தமிழ் எழுத்து அடிப்பவர்களுக்கு ஆங்கில எழுத்தைவிட இந்தத் தொல்லை அதிகம். ண, ன, ஞ ஆகியவற்றின் சுழி நிரம்பி மொத்தையாகும். புள்ளி மறைந்தால் பொருளே மாறும்; கல்யாணப் பையில் மாப்பிள்ளை பேர் தப்பாகிவிட்டால் ஐம்பது பையும் வீண்.

முதலில் பேஸ்ட்டைக் கரண்டியில் எடுத்துச் சாயுங்கள். கெட்டித் தயிர் போல மெதுவாக விழ வேண்டும். மோர் போல ஓடினால் தண்ணீர் கூடிவிட்டது. 100 கிராமுக்கு 2, 3 மில்லிக்கு மேல் தண்ணீர் ஊற்ற வேண்டாம். கூடிப்போனால் தண்ணீர் கலக்காத பேஸ்ட் சேர்த்துத்தான் கெட்டியாக்க வேண்டும்.

பேஸ்ட் சரி என்றால் கையைக் கவனியுங்கள். ஸ்குவீஜியை (கலரை இழுக்கும் ரப்பர் பட்டை) 60 முதல் 75 டிகிரி நிமிர்த்திப் பிடித்து ஒரே இழுப்பு. படுக்கவைத்து இழுத்தால் கலர் அதிகமாக இறங்கும். நாலு தடவை இழுத்தால் நாலு மடங்கு நல்லது என்று நினைப்பதுதான் பாதி ஓரக் கசிவுக்குக் காரணம்.

அடுத்து பிரேமின் உயரம். மெஷ் துணியோடு ஒட்டிக் கிடக்கக் கூடாது; ஸ்குவீஜி போகும் கோட்டில் மட்டும் தொட்டு, பின்னாலேயே எழும்ப வேண்டும். பிரேமின் நாலு மூலையிலும் அடியில் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு ஒரு ரூபாய்க் காசை டேப் போட்டு ஒட்டினால் ஏறக்குறைய 3 மி.மீ. இடைவெளி வரும். பெரும்பாலோருக்கு இந்த இரண்டு காசிலேயே வேலை முடிந்துவிடும்.

### முதல் ஐந்து நன்றாக வந்து, பிறகு பரவினால்

பிரேமின் அடியில் கலர் கசிந்து படிந்திருக்கிறது. ஐந்து அச்சுக்கு ஒருமுறை அடிப்பக்கத்தைக் காய்ந்த துணியால் ஒற்றி எடுங்கள். தேய்த்தால் கலர் இன்னும் உள்ளே போகும்.

### முதல் அச்சிலிருந்தே சுழி அடைந்தால்

மெஷ்ஷுக்கு மீறிய நுணுக்கம். ஒரு கோடு சரியாக விழக் குறைந்தது மூன்று இழை அகலம் வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 43 டியில் அது ஏறக்குறைய 0.7 மி.மீ., 77 டியில் 0.4 மி.மீ. 0.7 மி.மீ.யைவிட மெல்லிய கோடும், அதைவிடச் சிறிய சுழி உள்ளிடமும் 43 டியில் நிற்காது. மெய்யெழுத்துப் புள்ளியை 1 மி.மீ.க்குக் குறையாமல் பெரிதாக்குங்கள். மெல்லிய எழுத்துருவை விட்டுத் தடித்ததற்குப் போனால் சுழி இன்னும் சுருங்கும், அதனால் இடைத்தரமான தடிப்பும் அகலமான சுழியும் உள்ள எழுத்துருவை எடுங்கள். அதுவும் போதாவிட்டால்தான் 77 டி பிரேமுக்குக் காசு செலவழியுங்கள்.

ஸ்குவீஜி ரப்பரின் முனை தேய்ந்து உருண்டிருந்தாலும் ஓரம் தெளிவாக விழாது. தட்டையான கண்ணாடியில் 150 நம்பர் உப்புத்தாளை ஒட்டி, ரப்பரை நிமிர்த்திப் பிடித்து நீளவாக்கில் தேய்த்தால் முனை திரும்பும்.

## கலர் ஸ்கிரீனிலேயே காய்ந்து அடைக்கிறது

பங்குனி முதல் ஆவணி வரை மதுரையில் இது தினசரிப் பாடு. அடித்துக்கொண்டே இருக்கும்போது டிசைனின் மெல்லிய கோடுகள் ஒவ்வொன்றாகக் காணாமல் போகும்.

மின்விசிறியை நிறுத்துங்கள். வியர்க்கும்தான், வேறு வழியில்லை. காலை 6 முதல் 9 வரை அடியுங்கள். ஒவ்வோர் இழுப்புக்குப் பிறகும் பிரேமைத் தூக்கி, அழுத்தாமல் ஒருமுறை கலரை டிசைன் மேல் பரப்பி விடுங்கள். ஈரக் கலர் மூடியிருந்தால் மெஷ்ஷின் கண்கள் காயாது. அடுத்த துணியை விரிப்பது, பையைத் திருப்புவது, பேசுவது எல்லாம் அந்தப் பரப்பலுக்குப் பிறகுதான். பூச்செடிக்குத் தெளிக்கும் ஸ்பிரேயரில் தண்ணீர் வைத்து, பேஸ்ட் மேல் எப்போதாவது ஒரு புகை அளவு அடிக்கலாம்.

இவை போதாவிட்டால் கிளிசரின் 100 கிராமுக்கு 2 அல்லது 3 கிராம். யூரியாவும் போடுவார்கள். 5 கிராமைத் தாண்டாதீர்கள். துணியிலும் காயாமல் இழுத்தடித்து, நேராக மேலே சொன்ன ‘துவைத்தால் போகிறது’ குறையில் கொண்டுபோய் விடும்.

அடைத்துவிட்டதா? ஈர ஸ்பாஞ்சால் அடிப்பக்கத்திலிருந்து தட்டி ஊறவிடுங்கள், ஒரு நிமிடம் பொறுத்துச் செய்தித்தாளில் மூன்று நாலு அச்சு அடியுங்கள், திறக்கும். ஊசி, நகம், பல் விளக்கும் பிரஷ் எதையும் வைத்துக் குத்த வேண்டாம். எமல்ஷன் கிழிந்தால் பிரேமே போகும். சாப்பிடப் போவதாக இருந்தால் கலரை வழித்து டப்பாவில் போட்டு, பிரேமைக் கழுவிவிட்டுப் போங்கள். அரை மணி நேரம்தானே என்று விட்டுப்போன பிரேம் பெரும்பாலும் திரும்ப வேலைக்கு வராது.

## கறுப்புத் துணியில் வெள்ளை சாம்பலாகத் தெரிகிறது

டப்பாவைப் பாருங்கள். சாதாரண பேஸ்ட்டில் வெள்ளை பிக்மென்ட் கலந்தால் கறுப்பை மறைக்காது. மறைக்கும் வெள்ளை பேஸ்ட் என்று தனியாக விற்கிறது. கறுப்பில் மஞ்சளோ சிவப்போ அடிக்க வேண்டும் என்றாலும் அடியில் அதுதான் வேண்டும்.

அதைத்தான் அடிக்கிறேன் என்றால் மெஷ் 43 டிதானா என்று சரிபாருங்கள். 77 டியில் வெள்ளை இறங்காது. பிறகு முறை: ஓர் அச்சு, துணியை நகர்த்தாமல் ஹேர் டிரையரால் தொட்டால் ஒட்டாத அளவுக்குக் காயவைத்தல், அதே இடத்தில் இரண்டாவது அச்சு. பலமாக அழுத்தினால் வெள்ளை துணிக்குள் புதைந்துபோகும், மேலே நிற்காது. லேசான கைதான் வெள்ளைக்கு.

### வெள்ளை நன்றாக வந்து, பிறகு துணியின் நிறம் ஏறினால்

சிவப்பு பாலியஸ்டர் ஜெர்சியில் அடித்த வெள்ளை சூடு கொடுத்ததும் இளஞ்சிவப்பாகும். பாலியஸ்டர் சாயம் சூட்டில் ஆவியாகி மேலே வருகிறது. கலரை மாற்றி இதைத் தீர்க்க முடியாது. குறைந்த சூட்டில் பிடிக்கும் இங்க்கும் அடியில் தடுப்பு இங்க்கும் வேண்டும். ஜெர்சி ஆர்டரை வெளியே கொடுங்கள்.

பருத்தியில் வந்தால் சாயம் கசியும் துணி. அரக்கு, கரும்பச்சை சுங்குடிச் சேலையில் கை வைப்பதற்கு முன், முந்தானை மறுபக்கத்தில் ஈர வெள்ளைத் துணியைப் பத்து நிமிடம் வைத்து மேலே கனமான பாத்திரம் வையுங்கள். நிறம் இறங்கினால் அந்தச் சேலையில் வெள்ளை அடிக்காதீர்கள். உப்புத் தண்ணீரில் ஊறவைத்தால் சாயம் நின்றுவிடும் என்பதை நம்பி இறங்க வேண்டாம். துணி சாயம் போடுபவரிடம் டை பிக்சர் போட்டு வாங்கிய பிறகு மறுபடி சோதித்துப் பாருங்கள்.

## ஒரு பக்கம் அழுத்தம், ஒரு பக்கம் மங்கல்

அடியில் தையல், பாக்கெட், பைப் பிடியின் மடிப்பு ஏதாவது இருக்கிறதா? பைக்குள்ளும் டி-ஷர்ட்டுக்குள்ளும் டிசைனைவிடப் பெரிய அட்டையைச் செருகி, தையல் அட்டைக்கு வெளியே போகும்படி வையுங்கள். அதே பக்கம் எப்போதும் மங்கினால் பிரேமை 180 டிகிரி திருப்பி ஓர் அச்சு எடுங்கள். மங்கல் பிரேமோடு சேர்ந்து திரும்பினால் மெஷ் தொய்வு. திரும்பாமல் அதே இடத்தில் நின்றால் மேசையிலோ உங்கள் கையிலோ குறை.

மெஷ்ஷின் நடுவில் விரலால் தட்டினால் இறுக்கிய தோல்போல டப்பென்று கேட்க வேண்டும். ஊதுபை போல அமுங்கினால் மறுபடி இழுத்துக் கட்ட வேண்டும். ஸ்டேப்ளர் வைத்து வீட்டில் செய்வது சின்ன பிரேமுக்கு, அதாவது 10 க்கு 12 அங்குலம் வரை சரி. அதற்கு மேல் ஸ்கிரீன் போட்டுத் தரும் கடையில் ஸ்ட்ரெச்சரில் கொடுத்து இழுத்துக் கட்டி வாங்குங்கள்.

## இரண்டாவது கலர் நகர்ந்து விழுகிறது

ஒரே பிரேமை ஒரே தாளில் நகர்த்தாமல் இரண்டு தடவை அடியுங்கள். அதுவே விலகினால் கீல் ஆடுகிறது அல்லது மெஷ் தொய்வு. விலகவில்லை என்றால் துணி நகர்கிறது, மேசையில் டேபிள் கம் தடவி ஒட்டிப் பிடிக்க வேண்டும். பிரேமைக் கிரானைட் மேடையில் கவிழ்த்து ஒரு மூலையை அழுத்துங்கள். எதிர்மூலை தூக்கினால் மரம் முறுக்கியிருக்கிறது, அதைச் சரிசெய்ய முடியாது. டிரேசிங் தாளில் லேசர் பிரிண்ட் எடுத்தால் சூட்டில் தாள் சுருங்கும் என்பதையும் மறக்காதீர்கள். இரண்டு கலருக்கான பாசிட்டிவையும் (டிசைன் கறுப்பாக அச்சான தாள்) ஒரே நேரத்தில், ஒரே வகைத் தாளில் எடுங்கள்.

## பிரேம் போடும்போதே வரும் குறைகள்

### கழுவினால் எமல்ஷன் முழுவதும் போகிறது

பூசியபின் நன்றாகக் காய்ந்ததா? ஐப்பசி, கார்த்திகை மழையிலும் மார்கழிப் பனியிலும் இரண்டு மணி நேரத்தில் காயாது. பொங்கல் டி-ஷர்ட் அவசரத்தில் பிரேம் கெடுவது பெரும்பாலும் இதனால்தான். இருட்டறையில் விசிறி போட்டு, தொட்டால் விரல் ஒட்டாத பிறகும் ஒரு மணி நேரம் விடுங்கள்.

காய்ந்துதான் இருந்தது என்றால் எங்கே போகிறது என்று பாருங்கள். உள்பக்கம் மட்டும் கொழகொழவென்று இருந்தால் வெளிச்சம் போதவில்லை. திட்டுத் திட்டாகத் தோல்போல உரிந்தால் மெஷ்ஷில் எண்ணெய்ப் பிசுக்கு. இங்கே ஒரு உள்ளூர் விஷயம்: மதுரையைச் சுற்றிப் பல வீட்டு போர் தண்ணீர் உப்புத் தண்ணீர். அதில் சோப்புக்கட்டி போட்டுக் கழுவினால் சோப்பு திரிந்து வெள்ளைப் பிசுக்காக மெஷ்ஷிலேயே படியும். பாத்திரம் கழுவும் திரவத்தால் தேய்த்து, கடைசி அலசலுக்குக் குடிதண்ணீர் ஊற்றுங்கள்.

வெளிச்ச நேரத்தை யாரையும் கேட்டு வைக்காதீர்கள். உங்கள் விளக்கும் எமல்ஷனும் வேறு. சின்ன பிரேமில் எமல்ஷன் பூசி, பாசிட்டிவ் வைத்து, கறுப்பு அட்டையால் ஐந்தில் ஒரு பங்காக மூடி மூடி 2, 4, 6, 8, 10 நிமிடம் படும்படி செய்யுங்கள். உள்பக்கம் கொழகொழப்பு இல்லாமலும் மெல்லிய கோடு திறந்தும் இருக்கும் பட்டைதான் உங்கள் நேரம். வெயிலில் வைப்பவர்கள் நிமிடத்துக்குப் பதில் 20 விநாடிப் படிகளாகச் சோதியுங்கள்; உச்சிவெயிலில் சில விநாடித் தவறே பிரேமைக் கெடுக்கும். சித்திரையில் எடுத்த நேரம் மார்கழிக்குப் பொருந்தாது.

பைக்ரோமேட் விஷம், புற்றுநோய் உண்டாக்கக் கூடியது. கையுறை இல்லாமல் தொடாதீர்கள், சமையல் பாத்திரத்தில் கலக்காதீர்கள், குழந்தைகள் கைக்கு எட்டாமல் பூட்டி வையுங்கள். கண்ணில் பட்டால் பதினைந்து நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு நேராக ஆஸ்பத்திரி. வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் டயசோவுக்கு மாறுவது நல்லது. விலை கூட, நிம்மதியும் கூட.

### டிசைன் திறக்க மாட்டேன் என்கிறது

பாசிட்டிவை வெயிலுக்கு நேரே பிடியுங்கள். கறுப்புக்குள் வெளிச்சம் தெரிந்தால் அதே அச்சை இரண்டு எடுத்து ஒன்றன்மேல் ஒன்று ஒட்டுங்கள். அச்சைத் திருப்பி, கண்ணாடி எழுத்தாக எடுக்கத் தேவையில்லை. துணியைத் தொடும் பக்கத்தில் டோனர் எமல்ஷனில் படும்படி வைத்தால் எழுத்து தானே நேராக வரும். மேலே கண்ணாடி, உள்ளே கறுப்புத் துணி சுற்றிய ஸ்பாஞ்ச் என்று அழுத்தாவிட்டால் ஓரத்தில் வெளிச்சம் நுழைந்து மெல்லிய கோடுகள் மூடிவிடும்.

இவை எல்லாம் சரியாக இருந்தும் திறக்கவில்லை என்றால், பூசியது எப்போது என்று யோசியுங்கள். பைக்ரோமேட் கலந்த எமல்ஷன் இருட்டிலும் மெதுவாக இறுகும்; சூடு கூடினால் வேகமாக இறுகும். மே மாதம் ஓட்டு வீட்டில், தகரக் கூரையின் கீழ் இரவு பூசி மறுநாள் மதியம் வெளிச்சம் காட்டினால் திறக்காது. அன்றே பூசி, அன்றே காட்டி, அன்றே கழுவுங்கள். காயவைக்க ஹேர் டிரையரைச் சூட்டில் காட்டுவதும் இதே தப்பு.

### டிசைனுக்கு வெளியே புள்ளி புள்ளியாகக் கலர்

ஊசித்துளை. கண்ணாடியில் தூசி, அல்லது எமல்ஷன் கலக்கிய உடனே பூசியதால் நுரை. கலக்கிய எமல்ஷனை ஒரு மணி நேரம் மூடி வைத்தால் நுரை அடங்கும். வந்த துளையை மெல்லிய தூரிகையால் எமல்ஷன் தொட்டு அடைத்து, காய்ந்ததும் வெயிலில் வையுங்கள். அடித்துக்கொண்டிருக்கும்போது கண்டால் அடிப்பக்கம் ஒரு துண்டு செல்லோ டேப் போதும்.

அடிக்க அடிக்கத் துளை பெருகினால் டேப் ஒட்டித் தீராது. எமல்ஷன் தண்ணீரில் கரைகிறது. பிரேமைக் கழுவிக் காயவைத்து, பாசிட்டிவ் இல்லாமல் வெயிலில் பத்து நிமிடம் வைத்தால் கொஞ்சம் தாங்கும். அடுத்த முறை தண்ணீர் தாங்கும் எமல்ஷன் என்று கேட்டு வாங்குங்கள். கடையில் தானாக எடுத்துக் கொடுப்பது பல நேரம் காகித அச்சுக்கான, கரைப்பான் தாங்கும் வகை. துணி பேஸ்ட்டுக்கு அது ஆகாது.

## பழைய எமல்ஷன் கழற்ற வரவில்லை

நிழல் போலத் தெரியும் பழைய டிசைனைப் பற்றிக் கவலை வேண்டாம். வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் கண்கள் திறந்திருக்கின்றனவா என்பதுதான் கேள்வி. எமல்ஷனே நின்றால், பைக்ரோமேட் வகைக்கு பிளீச்சிங் பவுடர் கரைசலைத் தடவிப் பத்து நிமிடம் விட்டுத் தேய்த்துக் கழுவுங்கள். டயசோவுக்கு அது மந்தம், சோடியம் மெட்டா பெரியோடேட் பொடி வாங்க வேண்டும். இரண்டையும் காயவிடக் கூடாது. காய்ந்தால் எமல்ஷன் நிரந்தரமாகிவிடும். பிளீச்சிங்கோடு பாத்ரூம் கழுவும் ஆசிட்டைச் சேர்த்துவிடாதீர்கள், குளோரின் வாயு கிளம்பும். காஸ்டிக் சோடா பசையை யாராவது சொன்னால் அதைக் கடைக்காரரே போட்டுத் தரட்டும். சின்ன பிரேமுக்குப் புது மெஷ் போடும் செலவு, அதைக் காப்பாற்ற வாங்கும் ரசாயனத்தைவிடப் பெரும்பாலும் குறைவு. அரை மணி நேரத் தேய்ப்பில் வராவிட்டால் மெஷ்ஷை அறுத்து எறிந்துவிட்டு மரச்சட்டத்தை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.